மேல்வீட்டுக் கிரைண்டரும் கீழ்வீட்டுத் தூக்கமும்

பெங்களூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் பலர், விடுதியில் ஓராண்டு இருந்துவிட்டு, பின்னர் மூவர் நால்வராகச் சேர்ந்து வீடு பிடிக்கின்றனர். வீடு பிடித்த மறுவாரமே அரிசி வருகிறது, உளுந்து வருகிறது. ஊரிலிருந்து வரும் யாரேனும் ஒருவர், இரயிலில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கிரைண்டர் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். அதன்பின் ஒருநாள் கதவு தட்டப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார். "உங்கள் வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை" என்கிறார்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். படித்ததை மட்டும் நான் இங்கே எழுதவில்லை, பட்டதையும் எழுதுகிறேன்.

நாங்கள் செய்த தவறு

நாங்கள் மூவர். மத்திகெரெயில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழே ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் இருக்கின்றனர், கன்னடம் பேசுவோர். பகலெல்லாம் எங்களுக்கு வகுப்பு, மாலையில் ஆய்வுக்கூடம். ஆகையால் காலையில் ஊறப்போட்ட அரிசியை இரவு பத்து மணிக்குமேல்தான் அரைப்போம். வாரத்தில் இருமுறை, முறைக்கு முக்கால் மணி நேரம்.

ஓரிரவு பெரியவர் மாடியேறி வந்தார். "ஸ்வல்ப சத்து கம்மி மாடி" என்றார். திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த நண்பன், "உளுந்தைக் குறைக்கச் சொல்கிறாரா?" என்று என் காதில் கேட்டான். கன்னடத்தில் அச்சொல்லுக்குச் சத்தம் என்று பொருள். பெரியவர் போனபின் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த சிரிப்பில் அவர் சொன்னதையும் மறந்துவிட்டோம்.

இரண்டாம் முறை வந்தபோது அவர் குரல் கடுமையாக இருந்தது. எங்கள் குரலும் கடுமையாயிற்று. "பகலில் கல்லூரி, இரவில்தான் சமையல். வேறு எப்போது அரைப்பது?" என்றோம். கதவைச் சாத்தியபின் எங்களில் ஒருவன், "நாம் தமிழர்கள். அதனால்தான் இந்த வம்பு" என்றான். மற்ற இருவரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று முதல் படிக்கட்டில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மூன்றாம் வாரம் வீட்டுக்காரரே தொலைபேசியில் பேசினார்: "இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்." தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. பெங்களூரில் வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணம் இலேசான தொகையும் அன்று.

இந்நிலையில், அவருக்கு வந்த பொட்டலம் ஒன்று தவறுதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைக் கொடுக்க ஓரிரவு நான் கீழே சென்றேன். வாயிலில் நின்றபோது மேலே நண்பன் கிரைண்டரைப் போட்டான். அங்கே கேட்டது நான் அறிந்த சத்தமே அன்று. எங்கள் சமையலறையில் அது கல்லும் மாவும் உராயும் ஒலி. கீழேயோ, சுவரிலிருந்தே கிளம்புவது போன்ற ஒரு முனகல். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தம்ளர் தட்டோடு சேர்ந்து கிணுகிணுத்தது. எங்கள் சமையலறைக்கு நேர் கீழே இருந்த அறையில் கட்டில் போட்டு அம்மையார் படுத்திருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. குளியலறைக்கு அருகில் இருக்கட்டும் என்று அந்த அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

"இதைத்தான் சொன்னேன்" என்றார் பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மொழிக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. மூன்று வாரம் நாங்கள் சுமந்த கோபத்துக்கு, நாங்கள் கேட்டே இராத ஒரு முனகல்தான் காரணம்.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: புகார் வந்தால், அந்தச் சத்தம் கேட்கும் இடத்துக்கே போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எழுப்புகிறவன் கேட்கும் சத்தம் வேறு. பொறுக்கிறவன் கேட்கும் சத்தம் வேறு.

ஒலி செல்லும் வழி

ஏன் அது வேறாகிறது? ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்திருக்கும்போது அதன் ஒலி மெல்லக் கேட்கும். அதன் காம்பை மேசையில் ஊன்றினால் அறை முழுதும் கேட்கும். கவை மேசையை அசைக்கிறது. பரந்த மேசைப் பலகை காற்றை அசைக்கிறது. வீணைக்குக் குடம் செய்வதும் இதுவே.

எங்கள் கிரைண்டர் சமையல் மேடைமீது இருந்தது. மேடை என்பது சுவருக்குள் செருகிய கருங்கல் பலகை. கல்லின் அதிர்வு பலகைக்கும், பலகையிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கும் இறங்கியது. கீழ்வீட்டு அறையையே நாங்கள் வீணைக் குடமாக்கிவிட்டோம்! காற்றின் வழி வரும் ஒலியைக் கதவு சாத்தித் தடுக்கலாம். கட்டடத்தின் வழி வரும் ஒலிக்குக் கதவு இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. அதில் ஓடும் மோட்டாரின் காந்த முனகல் அதன் இரு மடங்கு, அதாவது 100 ஹெர்ட்ஸ். இது தாழ்ந்த ஒலி. தாழ்ந்த ஒலியைச் சுவர்கள் நன்கு தடுப்பதில்லை. மேலும், ஒலியளக்கும் கருவியில் வழக்கமாகக் கையாளும் 'ஏ' அளவுமுறை, காதின் இயல்பைப் பின்பற்றி, 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 19 டெசிபலைக் கழித்தே காட்டும். ஆகவே கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, "பாருங்கள், அளவு குறைவாகத்தானே இருக்கிறது" என்று வாதிடுவது பயன் தராது. எண் சிறிதாக இருக்கும்; தலையணை முனகிக்கொண்டிருக்கும்.

நாங்கள் செய்த சோதனை

மறுநாள் மாலை பெரியவரிடம் சென்று, "தாத்தா, நீங்கள் கீழே இருந்து கேட்டுச் சொல்லுங்கள், நாங்கள் மேலே இடம் மாற்றிப் பார்க்கிறோம்" என்றோம். தாத்தா என்னும் சொல் இரு மொழிக்கும் பொதுவாக இருந்தது நல்லதாயிற்று. இடையே கைப்பேசி.

முதலில் மேடைமீது ஓட்டினோம். "அதே சத்து" என்றார். அடுத்து, மேடையிலிருந்து இறக்கி, சுவரை ஒட்டாமல், வெறுந்தரையில் வைத்தோம். "பாதி போயிற்று" என்றார். மூன்றாவதாக, அடியில் நான்கு ரப்பர்த் துண்டுகளை வைத்தோம். "போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். நான்காவதாகப் பால்கனியில் வைத்துப் பார்த்தோம். கீழே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. ஒருவர் தலைவலியை இன்னொருவருக்கு மாற்றுவது தீர்வாகாது என்று உணர்ந்து உள்ளே கொண்டுவந்துவிட்டோம்.

ரப்பர் வாங்குவோர் ஒரு கணக்கை அறிந்திருப்பது நலம். பொருளின் எடையால் ரப்பர் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். அதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். கிரைண்டரின் 100 ஹெர்ட்ஸ் முனகலுக்கு அது மிகவும் போதும். அமுங்கவே அமுங்காத கெட்டி ரப்பரை வைத்தால் பயன் சிறிது. அகலமாக ஒரே விரிப்பாகப் போடுவதைவிட, சிறு துண்டுகளாக நான்கு மூலையில் வைத்தால் நன்கு அமுங்கும்.

இதே ரப்பர் வாஷிங் மெஷினுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். பிழியும்போது அது நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுற்றினால், அதிர்வு 20 ஹெர்ட்ஸ்தான். மேற்சொன்ன ரப்பர் அதைத் தடுப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும். அங்கே நோயை முதலிலேயே தீர்க்க வேண்டும். ஈரத் துண்டு ஒரு பக்கம் ஒதுங்கி, மையத்திலிருந்து 25 சென்டிமீட்டரில் 200 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அவ்வேகத்தில் அது ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் விசை கால்பங்காகும். ஆகவே துணியைப் பரவலாகப் போடுங்கள். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிழியும் வேகத்தைக் குறையுங்கள். முன்பக்கம் திறக்கும் புது மெஷினில், பயணத்துக்காகப் பின்புறம் முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் வீடே ஆடும்.

சட்டம் சொல்வது

ஒலி மாசு பற்றிய விதிகள் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் வந்தன. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. எல்லையை 10 டெசிபலுக்குமேல் தாண்டினால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். பத்து டெசிபல் என்பது சிறிய வேறுபாடு போலத் தோன்றும். ஆனால் ஒலியின் ஆற்றலில் அது பத்து மடங்கு.

எனினும் இவ்வெல்லைகள் ஒரு பகுதியின் பொதுவான ஒலிநிலைக்கு வகுத்தவை. ஒலிபெருக்கி, பட்டாசு, வாகன ஒலிப்பான் முதலியவற்றையே அவ்விதிகள் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகின்றன. கூரையின் வழி இறங்கும் ஒரு கிரைண்டர் முனகலுக்கு அவற்றில் நேரான விடை கிடைப்பதரிது. ஆனால் இரவு பத்து மணி என்னும் கோட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அரைத்ததெல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான்!

இலண்டன் உரல் வழக்கு

அரைக்கும் சத்தத்தால் வந்த சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் விக்மோர் தெருவில் மிட்டாய் செய்யும் பிரிட்ஜ்மன் என்பவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சமையற்கட்டில் பெரிய உரல்களில் இடித்து வந்தார். பின்புறம், விம்போல் தெருவில், ஸ்டர்ஜஸ் என்னும் மருத்துவர் குடிவந்தார். சில ஆண்டுகள் தொல்லையில்லை. பிறகு மருத்துவர் தம் தோட்டத்தின் கோடியில், மிட்டாய்க்காரர் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். உலக்கைச் சத்தத்தில் நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்க இயலவில்லை என்று வழக்குத் தொடுத்தார். "இருபது ஆண்டுகளாக இடிக்கிறேன், எனக்கு உரிமை உண்டு" என்றார் மிட்டாய்க்காரர். 1879-இல் மேல்முறையீட்டு மன்றம் மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தது. தொல்லையென்று ஒருவர் உணரும் நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன் இடித்த ஆண்டுகள் உரிமையைத் தரா என்பது அதன் சாரம்.

1960-இல் ரொனால்டு கோஸ் என்னும் பொருளியலறிஞர் இவ்வழக்கை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். தொல்லை என்பது இருபுறமும் உள்ளது என்றார் அவர். உரல் ஓடினால் மருத்துவருக்கு இழப்பு. நின்றால் மிட்டாய்க்காரருக்கு இழப்பு. பேசி முடிப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருந்தால், தீர்ப்பு யார் பக்கமாயினும், இருவரும் கூடி ஏற்ற வழியைக் கண்டுகொள்வர் என்று விளக்கினார். 1991-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

எங்கள் கதையில் அந்தச் செலவு என்ன? பதினெட்டுப் படிகள், ஒரு தம்ளர் காப்பி, தட்டுத்தடுமாறிப் பேசும் நாலு கன்னடச் சொற்கள். அதைச் செலவிடாமல்தான் வீட்டையே இழக்கப் பார்த்தோம்.

முடிந்த முடிவு

இப்போது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அரைக்கிறோம். அம்மையார் வெயிலில் வாயிற்புறம் நாற்காலி போட்டு அமரும் நேரம் அது. இதில் எங்களுக்கும் ஓர் ஊதியம் கிடைத்தது. பெங்களூர்க் குளிரில் இரவு அரைத்த மாவு காலைக்குள் பொங்குவதே இல்லை. இட்டிலி கல்லாக இருக்கும். பகல் வெப்பத்தில் வைத்த மாவோ ஞாயிறு காலைக்குள் நன்கு பொங்கிவிடுகிறது. முதல் ஈட்டில் ஆறு இட்டிலி கீழே போகிறது. சில நாளில் கீழேயிருந்து அக்கி ரொட்டி மேலே வருகிறது.

தோழர்களே! கோவையில் பிறந்து, புவிசார் குறியீடும் பெற்ற கிரைண்டர், நாம் போகும் ஊரெல்லாம் நம்மோடு வருகிறது. வரட்டும். ஆனால் அதன் அடியில் நான்கு ரப்பர்த் துண்டுகளும், அதற்கென ஒரு பகல் வேளையும் இருக்கட்டும். வீட்டில் அதைப் போடும் முதல் நாளே கீழே இறங்கிச் சென்று, "எங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்கள் நான்காம் வாரத்தில் கேட்டோம். நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டியதில்லை.