‘தே’ வந்த வழி

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் வேற்றுமை வடிவங்களை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டன. நாய் கடித்தாலும் ‘டாக்’தான், நாயை அடித்தாலும் ‘டாக்’தான். கடித்தது யார், அடிபட்டது யார் என்பதை வாக்கியத்தில் அந்தச் சொல் நிற்கும் இடம் காட்டிவிடும். பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய வழக்கம் பிழைத்திருக்கிறது. எழுவாயாக நிற்கும் ‘ஐ’, செயப்படுபொருளாகும்போது ‘மீ’ ஆகிறது. ‘ஹி’ என்பது ‘ஹிம்’ ஆகிறது, ‘வி’ என்பது ‘அஸ்’ ஆகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்யும் அந்த அட்டவணை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இலக்கணத்தின் எச்சம். அதன் கட்டங்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் நிரம்பியவை. காரணம் சொல்லாமல் உருப்போட வைப்பதால் இந்தச் சுவையான செய்தி மாணவரை எட்டுவதே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ஒருமை, பன்மையோடு இருமையும் இருந்தது. ‘நாம் இருவர்’ என்பதற்கு ‘வித்’, ‘நீங்கள் இருவர்’ என்பதற்கு ‘யித்’. இரண்டும் 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் காணாமல் போயின.

படர்க்கையில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அவனுக்கு ‘ஹே’, அவளுக்கு ‘ஹேயோ’, அவர்களுக்கு ‘ஹீயே’ என்று வழங்கிவந்தது. காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்தபோது இம்மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கின. சில வட்டாரங்களில் ‘ஹே’ என்ற ஒரே ஒலி அவனையும் அவளையும் அவர்களையும் குறித்தது. ‘ஹிம்’ என்பதோ தொடக்கத்திலிருந்தே ‘அவனுக்கு’, ‘அவர்களுக்கு’ என்ற இரு பொருளும் தந்த சொல். யாரைப் பற்றிப் பேச்சு என்று காட்டுவதற்காகவே இருக்கும் சொற்கள் அதையே காட்ட முடியாமல் நின்றன.

தீர்வு வந்தது படையெடுத்து வந்தவர்களிடமிருந்து. 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். ஆங்கிலேயரோடு மண உறவும் வணிகமும் கொண்டு கலந்தார்கள். முட்டைக்கு ‘எக்’, வானத்துக்கு ‘ஸ்கை’, சன்னலுக்கு ‘விண்டோ’ என்று ஆங்கிலம் அவர்கள் மொழியிலிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டது. பொருள்களின் பெயர்களைக் கடன் வாங்குவது எல்லா மொழியிலும் நடப்பதே. பிரதிப்பெயரைக் கடன் வாங்குவது அப்படியல்ல. அண்டை வீட்டில் அண்டா குண்டா இரவல் வாங்குவது ஒன்று, நிலைக்கதவையே கழற்றி வந்து மாட்டிக்கொள்வது வேறு. அவர்களைக் குறிக்கும் ‘தே’, ‘தேர்’, ‘தெம்’ மூன்றும் அப்படி வந்து மாட்டப்பட்டவை. இரு மக்களும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட வலுவான மொழிச் சான்று கிடைப்பது அரிது.

மூன்றும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வடக்கே வேரூன்றிய வடிவங்கள் தெற்கே லண்டனை அடையச் சில நூற்றாண்டுகள் ஆயின. 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் எழுத்தில் எழுவாய் ‘தே’. ஆனால் உடைமைக்கும் செயப்படுபொருளுக்கும் ‘ஹிர்’, ‘ஹெம்’ என்ற உள்ளூர் வடிவங்களே. பின்னர் அவையும் எழுத்திலிருந்து விலகின. பேச்சில் ‘ஹெம்’ இன்னும் சாகவில்லை. ஆங்கிலேயர் வேகமாகப் பேசும்போது கேட்கும் ‘எம்’ என்பதைத் ‘தெம்’ என்பதன் சோம்பேறி உச்சரிப்பு என்று பலர் திருத்துகிறார்கள். அது அந்தப் பழைய ‘ஹெம்’மின் வழியில் வந்தது, ‘தெம்’மைவிட அந்த மண்ணில் மூத்தது.

முன்னிலையில் வரவைவிட இழப்பே அதிகம். ஒருமைக்கு ‘தவ்’, பன்மைக்கு ‘யீ’. ‘யூ’ என்பது அந்தப் பன்மையின் செயப்படுபொருள் வடிவம் மட்டுமே. 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, மதிப்புக்குரிய ஒருவரைப் பன்மையில் விளிக்கும் பழக்கம் பரவியது. ‘நீங்கள்’ என்று ஒருவரை அழைக்கும் தமிழருக்கு இதன் தருக்கம் புதிதல்ல. பன்மை மரியாதையானதும் ‘தவ்’ கீழிறங்கி, நெருக்கத்துக்கோ அவமதிப்புக்கோ உரிய சொல்லானது. 1603இல் வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைத் ‘தவ்’ என்று விளித்தது வேண்டுமென்றே செய்த இழிவு. அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், மனிதர் எல்லோரும் சமம் என்ற கொள்கையால், நீதிபதி உட்பட எல்லோரையும் ‘தவ்’ என்றே அழைத்துத் துன்பங்களுக்கு ஆளானார்கள். அவர்கள் விரும்பிய சமத்துவம் எதிர்த்திசையில் வந்தது. ‘யூ’ என்பதே ‘யீ’யின் இடத்தையும் பிடிக்க, எல்லோரும் ‘யூ’ ஆனார்கள். அதற்குக் கொடுத்த விலை, ஒருவரா பலரா என்ற தெளிவு. அந்த ஓட்டையை அமெரிக்கத் தென்மாநிலங்களில் ‘யால்’, அயர்லாந்தில் ‘யூஸ்’ என்று மக்கள் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவது நியாயமில்லை. மொழிக்குத் தேவையான வேலையை அவை செய்கின்றன.

அஃறிணையின் ‘இட்ஸ்’ இன்னும் இளையது. முன்பு அதன் இடத்தில் ஆண்பாலுக்குரிய ‘ஹிஸ்’ இருந்தது. 1611இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பின் முதல் பதிப்பில் ‘இட்ஸ்’ இல்லை.

ஆண், பெண் என்று தெரியாத ஒருவரைத் ‘தே’ என்பது இன்றைய பிழை என்று கருதுவோர் உண்டு. யாரோ குடையை விட்டுச் சென்றால் அது ‘தேர்’ குடை என்று சொல்லும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவர்கள். 18, 19ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள்தான் ‘ஹி’ என்பதே இருபாலுக்கும் பொது என்று வற்புறுத்தினார்கள். சட்டங்களில் ஆண்பால் சொல் பெண்களையும் குறிக்கும் என்று 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விதித்தது. பாதி மக்களை மறைத்த விதி அது. அமெரிக்க உளவியல் சங்கம் 2019இல் தன் நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பில் ஒருமைத் ‘தே’யை ஏற்றுக்கொண்டது. பலர்பாலாக இருந்த ‘அவர்’ என்ற சொல்லை ஒருவருக்கு, ஆணென்றோ பெண்ணென்றோ காட்டாமல், நாள்தோறும் பயன்படுத்தும் தமிழருக்கு இதில் தடுமாற வேண்டியது எதுவுமில்லை.

வினை மட்டும் பன்மையிலேயே நிற்கும். ஒரே ஆளாக இருந்தாலும் ‘யூ ஆர்’ என்பதுபோலத் ‘தே ஆர்’ என்றே வரும். எண் வேறுபாடு தெரிவது தற்சுட்டு வடிவத்தில்: ஒருவருக்கு ‘யுவர்செல்ஃப்’, பலருக்கு ‘யுவர்செல்வ்ஸ்’. அதே முறையில், பலருக்குரிய ‘தெம்செல்வ்ஸ்’ பக்கத்தில், ஒருவருக்குரிய ‘தெம்செல்ஃப்’ என்ற பழைய வடிவமும் இன்று மீண்டும் புழங்குகிறது.