மழைக்கு முன் மதிலின் தலையைப் பாருங்கள்



ஐப்பசி பிறந்தால் நமது ஊவா மலைகளில் அடைமழை. அக்டோபரில் பிடிக்கும் மழை ஜனவரி வரை லேசில் விடாது. அதற்கு முன், லயத்து வாசலிலும் மரக்கறித் தோட்டத்து ஓரத்திலும் நிற்கும் இடுப்பளவு மதில்களை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.

மதில் அடியிலிருந்துதான் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். அனேகமாக அது தலையிலிருந்துதான் கெடத் தொடங்குகிறது. மேல் பூச்சு வெடித்தால் அதில் பாசி பிடிக்கும், புல் முளைக்கும். மழைத்தண்ணி வெடிப்பு வழியாக இறங்கி, கல்லுக்கு நடுவில் உள்ள பழைய சாந்தைக் கரைத்துவிடும். பிறகு கல் ஆடும். அந்தக் கல்லின் மேல்தான் நம்ம பிள்ளைகள் ஏறி உட்காருகிறார்கள்!

செய்ய வேண்டியது இதுதான்:

1. ஆடுகிற கல்லையும் பழைய பூச்சையும் எடுத்துவிடுங்கள். புல்லை வேரோடு பிடுங்கி, பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

2. ஒரு பங்கு சீமெந்துக்கு நாலு பங்கு மணல். சீமெந்து கூடினால் பலம் கூடும் என்பது பிழை. காயும்போது சுருங்கி வெடிக்கும். மணலில் சேறு இருந்தால் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழையுங்கள். இறுகிப்போன சாந்தில் திரும்பத் தண்ணி ஊற்றிக் குழைக்கக் கூடாது.

3. மதிலை நன்றாக நனைத்துவிட்டு, கல்லைச் சாந்தில் பதியுங்கள். அதன்மேல் இரண்டு அங்குலத் தடிப்பில் பூசுங்கள். நடு உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிவாக இருக்கட்டும். தட்டையாக விட்டால் தண்ணி தேங்கும்.

4. ஈரச் சாக்கால் மூடி, ஏழு நாளைக்குக் காயவிடாமல் தண்ணி தெளியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சாந்து தோலைப் புண்ணாக்கும். வெறுங்கையால் குழைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் ஒன்று. மண்ணைத் தாங்கி நிற்கும் மதில் வேறு. அதில் தண்ணி வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைச் சாந்தால் அடைத்துவிடாதீர்கள். உள்ளே தேங்கும் தண்ணியே மதிலைத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட மதில் வயிறு தள்ளியிருந்தாலும், சாய்ந்திருந்தாலும், மேலே நிலம் பிளந்திருந்தாலும், தண்ணி திடீரெனக் கலங்கி ஊற்றெடுத்தாலும், அது சாந்து பூசி மூடும் காரியமல்ல. மலை நமக்குச் சொல்லும் செய்தி அது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின. ஆகவே இந்த அடையாளங்களைக் கண்டால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்லும் வரை அங்கே திரும்பிப் போக வேண்டாம்.

சின்ன வெடிப்பை இன்றைக்கே பூசுவோம். பெரிய வெடிப்பைக் கண்டால் ஒதுங்குவோம். இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.