பெயர் கிடைக்கும் முன்பே வேலைக்கு வந்த குளவி

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் குளவி என்றாலே ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். கொழுந்தெடுக்கும்போது கூடு கலைந்து, கொட்டு வாங்கி உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இதே மலைகளில் ஆளை நாடி வராத குளவிகளும் இருக்கின்றன. சில மில்லிமீற்றர் நீளமே உள்ள அவை, புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவையே தின்று வளரும். இந்த ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒன்றுக்கு இலங்கைத் தேயிலை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

1861இல் நீட்னர் என்பவர் இலங்கைக் கோப்பிச் செடியின் பகைப்பூச்சிகளை விவரித்தபோது, ஒரு சிறு அந்துப்பூச்சியையும் பதிவு செய்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அது தேயிலையில் பெருந்தொல்லையானது. அதன் புழு இலைகளை நூலால் இழுத்து ஒட்டி, உள்ளே ஒளிந்துகொண்டு தின்னும். முட்டைக் கொத்துகளைக் கையால் பொறுக்க ஆள் வைத்துப் பார்த்தும் தீரவில்லை.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டது. அப்போது அதற்கு அறிவியல் பெயர்கூட இல்லை. 1938இல்தான் நிக்சன் என்ற பூச்சியியலாளர் அதைப் புதிய இனமாக விவரித்து ‘மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே’ என்று பெயரிட்டார். அதன் இனப்பெருக்கத்தைப் பற்றி சி. எச். காட் என்ற ஆய்வாளர் 1946இல் எழுதியது இன்றும் வியக்க வைக்கிறது: இடுவது ஒரு முட்டை, அது பல கருக்களாகப் பிரிந்து, ஒரே புழுவிலிருந்து ஒரு கூட்டமே வெளிவருகிறது! புழுவின் கொட்டம் அடங்கியது.

பிறகு, தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அது குளவியையும் கொன்றது. இலைச்சுருளுக்குள் இருந்த புழு மீண்டும் பெருகியது. புழுவை அடக்கி வைத்திருந்தது எது என்று முன்பே தெரிந்திருந்ததால்தான், இந்தப் பெருக்கத்தின் காரணத்தையும் ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. டீல்ட்ரின் பின்னர் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

பெயரில்லாத குளவி ஒன்று இப்படி அழிந்திருந்தால்? புழு பெருகியது மட்டுமே கண்ணில் பட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் மருந்து அடித்திருப்பார்கள். புதிய ஒட்டுண்ணிக் குளவி இனம் ஒன்றை அடையாளம் காண்பதை நான் பெரிய காரியமாக நினைப்பது இதனால்தான். ஒரே வகைப் புழுவை நம்பி வாழும் குளவி, அந்தப் புழு அருகினாலே அற்றுப்போகும். பெயரில்லாத குளவிகளைத் தேட வேண்டிய இடங்களும் தொலைவில் இல்லை. ஹட்டனுக்கு அருகே, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற சிவனொளிபாதமலைக் காடு இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே ஓடைக்கரைகளிலும் மலையுச்சிகளிலும் காட்டுத்துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. வளர்ந்த குளவிகளுக்குத் தேன் தருபவை அங்குள்ள பூக்களும், களை என்று நாம் அழிக்கும் செடிகளின் பூக்களுமே. அயல்நாட்டுக் குளவியைக் கொண்டுவந்து விடும்போது, அது நம் நாட்டு அந்துப்பூச்சிகளையும் தாக்குமா என்று சோதிக்க வேண்டும். ஆகவே இங்கேயே இருப்பவற்றை முதலில் அறிவதே மேல்.

அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுருண்ட இலையைப் புழுவோடு ஒரு போத்தலில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, வாடாத இலை கொடுத்து வந்தால், அந்துப்பூச்சி வருகிறதா குளவி வருகிறதா என்று பாடசாலைப் பிள்ளைகளே பார்க்கலாம். குளவி வந்தால் இடம், தேதி, செடி, புழு ஆகிய நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். வலையில் பிடித்த குளவி எந்தப் புழுவில் வளர்ந்தது என்பதை நிபுணராலும் எளிதில் சொல்லிவிட முடியாது; போத்தலில் வந்த குளவிக்கு அதை அந்தச் சீட்டே சொல்லிவிடும்.