நோன்பு திறக்க ஹோட்டலுக்கா?



ரமழான் பிறந்துவிட்டால் கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் ‘இப்தார் புபே’ விளம்பரங்கள் களைகட்டிவிடுகின்றன. 2024 ரமழானில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் நாங்களும் மூன்று இடங்களுக்குப் போனோம்.

முதலாவது இடத்தில் கஞ்சியும் வட்டிலப்பமும் அருமை. ஆனால், ஈத்தம்பழத்தால் நோன்பு திறந்துவிட்டுத் தொழ இடம் கேட்டால், ஆண்களுக்கு ஒரு சிற்றறை. பெண்களுக்கு வுழூச் செய்யவே வசதியில்லை. மஃரிப் களாவாகிவிடுமோ என்று என் மனைவி தவித்த தவிப்பு! மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இங்கே ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தானே. அதில் பாதி புபே வரிசையிலேயே போய்விடுகிறது.

இரண்டாவது இடத்தில் பெண்களுக்குத் தனியறை, விரிப்பு, கிப்லா அடையாளம் எல்லாம் இருந்தன. சாப்பாடு சுமார்தான். இருந்தாலும் மறுபடி போவதென்றால் அங்கேதான் போவேன்.

மூன்றாவது இடத்தில், “ஹலாலா?” என்று கேட்டேன். “கோழி ஹலால் சேர்” என்றார் பரிமாறியவர். புடிங்கில் உள்ள ஜெலட்டின்? பொரித்த எண்ணெய்? அவருக்குத் தெரியவில்லை. ஜம்இய்யத்துல் உலமா 2013 வரை வழங்கிவந்த ஹலால் சான்றிதழை 2014 முதல் தனி நிறுவனம் ஒன்று வழங்கி வருகிறது. கோழிக்குச் சான்றிதழ் இருப்பது வேறு, அது சமைபடும் குசினிக்கு இருப்பது வேறு. மேசை பதியும்போதே குசினியின் சான்றிதழையும் பெண்கள் தொழும் இடத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்று பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளியில் தொழுதுவிட்டு வீடு வந்து கஞ்சி குடித்தோம். கொடுத்த காசை நினைத்துச் சின்ன மகன்தான் முணுமுணுத்தான்.