பாறைத் தண்டுகளைக் காக்கும் மரப்பெட்டி

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையே எடுத்துரைப்பர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழத்தை எட்டியது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-களில் பணியை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, சுமார் 800 டன் தங்கம் அங்கே எடுக்கப்பட்டது. இத்தகைய பெருந்தொழிலில் தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து முடிக்கும் மரப்பெட்டிக்கு என்ன இடம் இருக்க முடியும் என்று தோன்றலாம். ஆயினும், பூமிக்குள் எங்கே தங்கம் உள்ளது, எங்கே இல்லை என்பதற்கான சாட்சியம் அப்பெட்டியில்தான் வைக்கப்படுகிறது. பெட்டி சரியாக அமையாவிடில் சாட்சியமும் பயனற்றதாகிவிடும்.

பாறையை ஆராய்வதற்கு வைரத் துளைப்பு என்னும் முறை கையாளப்படுகிறது. உள்ளீடற்ற எஃகுக் குழாயின் முனையில் தொழில்துறை வைரத் துகள்கள் பதிக்கப்பட்டிருக்கும். குழாய் சுழலும்போது பாறை வட்டமாக அறுபட்டு, நடுவிலுள்ள பகுதி உருண்டைத் தண்டாகக் குழாய்க்குள் ஏறுகிறது. இதனைச் சுரங்க வழக்கில் 'கோர்' என்பர். நாம் பாறைத் தண்டு எனலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றரை அல்லது மூன்று மீட்டர் அளவுக்குத் தண்டு வெளியே எடுக்கப்பட்டு, எடுத்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கப்படுகிறது.

வரிசையே இங்கு முக்கியம். தங்கவயலின் சாம்பியன் படிவம் பளிங்குக் கல்லாலான ஒரு மெல்லிய பட்டை. பல இடங்களில் அதன் கனம் ஒரு மீட்டர் அளவே. 100 மீட்டர் துளையில் பொருளுள்ள பகுதி அந்த ஒரு மீட்டராக மட்டும் இருக்கக்கூடும். சுற்றிலும் உள்ள கரும்பாறைத் துண்டுகளோ ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். பெட்டி ஒரு முறை கவிழ்ந்தால், எத்துண்டு எந்த ஆழத்தைச் சேர்ந்தது என்று கூற எவராலும் இயலாது. மீண்டும் துளையிடுவதே வழி. துளையிடும் செலவுடன் ஒப்பிட்டால் பெட்டியின் விலை மிகச் சொற்பமானது. இருந்தும் சிக்கனம் பெரும்பாலும் பெட்டியிலேயே காட்டப்படுகிறது!

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது அதன் எடையாகும். 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை எடுத்துக்கொள்வோம். தங்கவயலின் கரும்பாறையின் அடர்த்தி நீரைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஆகவே ஒரு மீட்டர் தண்டு ஏறத்தாழ 5.4 கிலோ நிறுக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஐந்து காடிகள் கொண்ட பெட்டியில் 27 கிலோ பாறை இருக்கும். பெட்டியின் எடையையும் சேர்த்தால் இருவர் தடுமாறாமல் தூக்கலாம். நீளத்தை ஒன்றரை மீட்டராக்கினால் பாறை மட்டுமே 40 கிலோவைத் தாண்டும். நடுப்பலகை தொய்யத் தொடங்கும். தூக்குவோர் ஒரு பக்கத்தைத் 'தொப்'பென்று கீழே வைப்பர். சிறிய பெட்டியே நல்லது என்பது நம் கருத்து. 100 மீட்டர் துளைக்கு 20 பெட்டிகள் தேவைப்படுமே என்று தயங்க வேண்டுவதில்லை.

காடியின் அகலம் தண்டின் விட்டத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக இருத்தல் வேண்டும். கூடுதலானால் துண்டுகள் உருளும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும். குறைந்தால் மழைக்காலத்தில் மரம் ஊதி, துண்டுகளைச் சுத்தியால் தட்டி எடுக்க நேரிடும். காடிகளைப் பிரிக்கும் ரீப்பர்கள் தண்டைவிடச் சற்றே உயரமாக இருப்பின், மேலே அடுக்கும் பெட்டிகளின் பாரம் பாறையின்மீது இறங்காமல் ரீப்பர்களின்மீதும் பக்கப்பலகைகளின்மீதும் இறங்கும்.

இனி ஆணியைப் பற்றிக் கூற வேண்டும். பெட்டிகள் உடைவது பலகை முறிவதால் அன்று, ஆணி கழல்வதாலேயே. மரத்தின் நாருக்குக் குறுக்கே அடித்த ஆணி இறுகப் பற்றும். நாரின் போக்கிலேயே, பலகையின் வெட்டுமுகத்தில் அடித்த ஆணி எளிதில் பிடுங்கிக்கொள்ளும். இக்காரணத்தால் முனைப்பலகையின் ஓரத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்தி, பக்கப்பலகையின் ஆணி அச்சட்டத்தின் நாருக்குக் குறுக்கே இறங்குமாறு செய்வர். சட்டத்தைச் சற்று வெளியே நீட்டிவிட்டால் அதுவே கைப்பிடியாகவும் பயன்படும்; முனைப்பலகையில் துளையிட்டுக் கயிறு கோக்கும் வழக்கத்தைவிட இது உறுதியானது. ஒரே சட்டம் இரு வேலைகளைச் செய்வது இப்பெட்டியில் காணும் சிறந்த உத்திகளுள் ஒன்று. ஈரம் உலராத பலகையில் ஆணி அடித்தலாகாது. மரம் சுருங்கியதும் ஆணி தளர்ந்துவிடும்.

எந்த மரம் என்ற வினா எழும். கோலார் மாவட்டத்தில் தைல மரத்திற்குக் குறைவில்லை; ஆனால் அதன் பலகை முறுக்கிக்கொள்ளும், ஆணி இறங்கும்போது பிளக்கும். சீனிவாசபுரத்துப் பக்கம் மாந்தோப்புகள் மிகுதி. மாம்பலகை பெட்டிக்கு ஏற்றதே, எனினும் வண்டு விரைவில் துளைக்கும். சவுக்கு மர இலையை ஒத்த சிறு இலைகளின்றி, பிளவுபட்ட வெள்ளிநிற இலைகளையுடைய சில்வர் ஓக் மரமும் பெட்டி செய்ய உதவுகிறது. எதுவாயினும் கறையானுக்கு மருந்திட வேண்டியிருக்கும். இங்கே ஒரு செய்தி. உலகெங்கும் மரத்தைக் காக்கப் பயன்பட்ட செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையைக் கண்டறிந்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சொண்டி காமேசன் என்னும் இந்திய அறிஞர், ஆண்டு 1933. பெருமைக்குரிய கண்டுபிடிப்புத்தான். எனினும் பாறைத் தண்டுப் பெட்டிக்கு அதனை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. தங்கவயலின் மேற்குப் படிவங்களில் தங்கத்துடன் ஆர்சனிக் கனிமமும் சேர்ந்தே கிடைக்கிறது. பாறையில் ஆர்சனிக்கின் அளவைக் கொண்டு தங்கத்தைத் தேடும் வழக்கமும் உண்டு. மருந்திட்ட மரம் மாதிரியைக் கெடுத்துவிடக் கூடாது. பெட்டியை மருந்திடாமல் விட்டு, அதனைத் தரையிலிருந்து உயர்த்தி, கோலார்ப் பகுதியில் எளிதில் கிடைக்கும் கருங்கல் கால்களின்மீது இரும்புத் தாங்கியில் அடுக்குவதே பாதுகாப்பான முறை. வாரம் ஒருமுறை கால்களைப் பார்வையிட்டால் கறையான் ஏறும் மண்தடம் தெரிந்துவிடும்.

பெட்டியில் அடுக்கும் முறை புத்தகத்தைப் படிப்பது போன்றது. ஆழம் குறைந்த துண்டு இடப்புற மேல் மூலையில் தொடங்கி, வலப்புறம் சென்று, அடுத்த காடியில் மீண்டும் இடப்புறத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் ஆழத்தை எழுதிய மரக்கட்டை ஒன்று வைக்கப்படும். இக்கட்டையைப் பக்கப்பலகை வழியாக ஓர் ஆணியால் பிணைத்துவிடுதல் நன்று. இல்லையேல் வண்டியின் குலுக்கலில் அதுவும் இடம்மாறும். மூன்று மீட்டர் துளைத்து இரண்டரை மீட்டர் தண்டே கிடைத்திருப்பின், குறைந்த அரை மீட்டரையும் கட்டையில் குறித்தல் வேண்டும். துளையின் எண்ணையும் பெட்டியின் எண்ணையும் மூடியில் எழுதுவது பலர் செய்யும் பிழை. மூடிகள் மாறிப்போவது இயல்பு. அடுக்கியபின் கண்ணுக்குத் தெரிவதும் முனைப்பலகையே. அங்கேயே, ஆணியால் குத்தி எழுதிய அலுமினியத் தகட்டைப் பொருத்துதல் வேண்டும். காகிதச் சீட்டைக் கறையான் முதலில் தின்னும்.

தங்கவயலின் ஆழப்பகுதிகளில் பாறை வெடிப்புகள் உயிர்களைக் கொண்டன. அதனால் பாறையின் உறுதியை அறிவதும் அங்கு இன்றியமையாததாயிற்று. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் அங்கேயே தொடங்கப்பட்டது. அமெரிக்க அறிஞர் டான் டியர் 1960-களில் வகுத்த கணக்கின்படி, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்தில் அது நூற்றுக்கு எவ்வளவு என்று கண்டால் பாறையின் தரம் தெரியும். பெட்டி அதிர்ந்து தண்டு உடைந்தால், நல்ல பாறையும் இக்கணக்கில் கெட்ட பாறையாகிவிடும். கையாளும்போது ஏற்பட்ட உடைவுகளின் இருபுறமும் வண்ணத்தால் குறுக்குக் குறி இடும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது.

தங்கத்தின் அளவை அறியத் தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியிலேயே வைப்பர். இவ்வழக்கம் கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்தோனேசியாவின் புசாங் ஒரு சான்று. பிரெ-எக்ஸ் என்னும் கனடா நாட்டுக் கம்பெனி அங்கே உலகிலேயே பெரிய தங்கப் படிவங்களுள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தது. பங்குகளின் விலை வானளாவ உயர்ந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் தண்டு முழுவதையும் நொறுக்கிச் சோதனைக்கு அனுப்பிவிட்டனர். சரிபார்க்க மறுபாதி இல்லை. 1997-இல் வேறொரு கம்பெனி அதே இடங்களுக்கு அருகில் துளையிட்டபோது குறிப்பிடத்தக்க தங்கம் இல்லை என்பதும், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. முதலீடு செய்தோர் பல நூறு கோடி டாலர்களை இழந்தனர்.

தங்கவயலைப் போல இறைப்பு நின்று நீர் நிறைந்த சுரங்கத்தில், பாறையை நேரில் சென்று பார்க்க இனி வழியில்லை. அத்தகைய இடங்களில் முன்னாளில் எடுத்துக் காக்கப்பட்ட தண்டு எதுவாயினும் அதற்கு ஈடில்லை.

இப்போது பிளாஸ்டிக் பெட்டிகளும் துத்தநாகம் பூசிய தகரப் பெட்டிகளும் வழக்கில் உள்ளன. அமைப்பு மட்டும் பழையதே.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். கோலார் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டாத ஊர் அரிது. 300 மீட்டருக்கு அப்பாலும் தோண்டுகின்றனர். அங்கே தண்டு கிடைக்காது, பாறைத்தூளும் சில்லுகளுமே வெளிவரும். மூன்று மீட்டருக்கு ஒரு பிடி சில்லுகளை எடுத்துக் கழுவி உலர்த்தி, ரீப்பர்களால் 20 அறைகளாகப் பிரித்த தட்டில் வரிசையாக இடுமாறு மாணவர்களிடம் கூறலாம். ஐந்து தட்டுகளில் 300 மீட்டரும் அடங்கிவிடும். ஆழத்தைப் பென்சிலால் மரத்தின்மீதே எழுதச் செய்க. மை நீரில் கரையும். துளையிடும் வண்டி ஊரில் நிற்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களே. ஆகவே தட்டுகளை முன்னதாகவே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.