வழி தவறி வந்த வான்கப்பல்

1913 ஏப்ரல் 3. பிரான்சின் கிழக்கு எல்லையை ஒட்டிய லூனேவில் நகரின் படைப்பயிற்சித் திடலில் ஒரு ராட்சத உருவம் இறங்கியது. ஜெர்மன் ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட செப்பலின் வான்கப்பல் அது, பெயர் இசட்-4. மேகத்தில் திசை தப்பி எல்லையைத் தாண்டியிருந்தது. உள்ளே ஜெர்மன் அதிகாரிகளும் இருந்தார்கள்.

வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. பிரெஞ்சு வல்லுநர்களோ வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை. கப்பலை நுணுக்கமாக ஆராய்ந்து, படமும் எடுத்துக்கொண்டார்கள். அண்டை நாட்டின் ராணுவ ரகசியம் இப்படித் தானாக வந்து இறங்குவது அபூர்வம்! மறுநாள் கப்பல், அன்று ஜெர்மனியின் வசமிருந்த மெட்ஸ் நகருக்குப் பறந்தது.

வந்தது அத்துமீறலா, வெறும் விபத்தா? தீர்ப்புச் சொல்லப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பிரெஞ்சுச் சட்ட அறிஞர் பால் ஃபோஷீ, 1901லேயே வானம் எல்லோருக்கும் பொது என்று வாதிட்டிருந்தார். வான்வழிச் சட்டம் வகுக்க 1910இல் பாரிஸில் கூடிய மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது. லூனேவில் சம்பவத்துக்குப் பிறகு, 1913 ஜூலையில், இரு நாடுகளும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன.

முதல் உலகப் போர் வந்ததும் வாதம் துப்பாக்கிக்கு மாறியது. 1916 பிப்ரவரியில், நடுநிலை நாடான நெதர்லாந்தின் மேல் வந்த எல்-19 செப்பலின் மீது டச்சு வீரர்கள் சுட்டார்கள். அது வடகடலில் விழுந்தது, யாரும் பிழைக்கவில்லை.

1919 அக்டோபர் 13இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் முதல் விதி, தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானில் ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறையாண்மை உண்டு என்றது. அந்த வானம் எவ்வளவு உயரம் வரை என்று அது சொல்லவில்லை.