முதல் மணி ஒலிக்கும் நேரம்

வலையொளி அலைவரிசை ஒன்றைத் தொடங்குவது எளிது. அதற்குப் பார்வையாளர்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதும் அரிது. "நாள்தோறும் ஒரு காணொலி வெளியிட வேண்டுமா? வாரத்திற்கு ஒன்று போதுமா?" என்பது புதிதாகத் தொடங்குவோர் எழுப்பும் வினா. திருவனந்தபுரத்தில் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சி இதற்கு நல்ல விளக்கம் தருகிறது.

2005ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் 'விக்டர்ஸ்' என்னும் கல்வி வலையமைப்பைத் தொடங்கி வைத்தார். எடுசாட் செயற்கைக்கோள் வழியாகப் பள்ளிகளுக்குப் பாடங்களைக் கொண்டு செல்வது அதன் நோக்கம். பின்னர் அது தொலைக்காட்சி அலைவரிசையாக வளர்ந்தது. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் அதனை நடத்துகிறது.

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. சூன் 1ஆம் நாள், 'ஃபர்ஸ்ட் பெல்', அதாவது 'முதல் மணி' என்னும் பெயரில் இணையவழி வகுப்புகள் தொடங்கின. காலை 8.30 மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, 10.30 மணிக்கு முதல் வகுப்பு, 11 மணிக்குப் பத்தாம் வகுப்பு என மாலை 5.30 மணி வரை கால அட்டவணை வகுக்கப்பட்டது. அவை யூடியூபிலும் பதிவேற்றப்பட்டன. எந்தப் பாடம் எப்போது வரும் என்பதை மாணவர்களும் பெற்றோரும் முன்னரே அறிந்திருந்தனர்.

ஆனால், தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். புதிய பாடங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், அவர்கள் பின்தங்கிவிடுவர். எனவே, முதல் வாரப் பாடங்களே அடுத்த வாரம் மறுஒளிபரப்புச் செய்யப்பட்டன. அதற்குள் வசதியற்ற மாணவர்களுக்குப் பொது இடங்களிலும் பிறர் உதவியாலும் வழி செய்யும் முயற்சிகள் நடந்தன. காணொலிகளின் எண்ணிக்கையைவிட அவை உரியவரைச் சென்றடைவதே முதன்மையாகக் கருதப்பட்டது.

பள்ளிப்பாடத்தை மாணவர் கட்டாயம் பார்த்தாக வேண்டும். பிற காணொலிகளை எவரும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆதலால், தனி ஒருவர் நடத்தும் அலைவரிசைக்கு நேரந்தவறாமை இன்னும் இன்றியமையாதது. நாள்தோறும் இத்தனை காணொலிகள் வெளியிட வேண்டும் என்று யூடியூப் விதி எதனையும் வகுக்கவில்லை. பார்வையாளர் ஒரு காணொலியைத் தேர்ந்தெடுக்கிறாரா, எவ்வளவு நேரம் பார்க்கிறார், நிறைவடைகிறாரா என்பனவற்றைக் கொண்டே அது காணொலிகளைப் பிறருக்குப் பரிந்துரைக்கிறது. அவசரமாகச் செய்த காணொலியிலிருந்து பார்வையாளர் பாதியிலேயே விலகுவர். நெடுநாள் இடைவெளி விட்டாலோ அலைவரிசையையே மறந்துவிடுவர்.

அரசு நிறுவனத்திற்கு ஆசிரியர்களும் படப்பிடிப்புக் கூடமும் உண்டு. படிப்பிற்கிடையே காணொலி உருவாக்கும் மாணவருக்கு அவ்வசதி இல்லை. அவர் வாரத்திற்கு ஒரு காணொலியைக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் வெளியிடலாம். தொடங்குமுன் மூன்று, நான்கு காணொலிகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டால், தேர்வுக் காலத்திலும் தடை ஏற்படாது. பார்வையாளர் பெருகிய பின், தம் ஆற்றலுக்கேற்ப எண்ணிக்கையைக் கூட்டலாம்.

பள்ளி மணி ஒரு நாளில் பலமுறை ஒலிப்பதால் மட்டும் மாணவர் வகுப்பிற்கு வருவதில்லை. அது நேரந்தவறாமல் ஒலிக்கும் என்னும் நம்பிக்கையாலும், உள்ளே கற்பதற்குப் பயனுள்ளது ஒன்று காத்திருப்பதாலும் வருகின்றனர். காணொலி அலைவரிசைக்கும் இது பொருந்தும்.